மெரினா கடலும் நம்ம கடலும்



நம்ம மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடல் பாக் நீரிணை. ஆழம் குறைவு, அலையும் குறைவு. அந்தப் பழக்கத்தில் சென்னை மெரினாவில் இறங்கிவிடாதீர்கள். அது வங்கக்கடல். கரை சட்டென்று ஆழமாகும். திரும்புகிற அலை காலடி மணலையே பறிக்கும். நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். அங்கே குளிக்கக் காவல்துறை தடை உண்டு.

ஓரத்தில் நின்று பாருங்கள், போதும். பிள்ளையை "அவர் பார்த்துக்குவார்" என்று மனைவியும், "அவள் பார்த்துக்குவாள்" என்று கணவரும் இருந்துவிடக் கூடாது. ஒருவர் கையைப் பிடித்தே இருக்கணும். யாரையாவது அலை இழுத்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். சத்தம் போட்டு மீனவரை, காவலரைக் கூப்பிடுங்கள், 108-க்குச் சொல்லுங்கள்.

காய்ச்சி ஆறிய தண்ணீர் கொண்டுபோங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் நீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

போன குடும்பம் முழுசாக ஊர் திரும்பணும்.