போகிறவர் ஒருவர், போய்ச் சேருபவர் இன்னொருவர்

(‘அருகில் உள்ள விண்மீன்களுக்கு மனிதர் செல்ல முடியுமா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மே, ஜூன் மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல், மேகமில்லாத நாளில், மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ தெற்கு வானத்தைப் பாருங்கள். பிரகாசமான இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரியும். அவற்றுள் கூடுதல் ஒளி உடையது ஆல்ஃபா சென்டாரி. அதன் சிறிய துணை விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சூரியனுக்கு அடுத்தபடியாகப் பூமிக்கு மிக அருகில் உள்ள விண்மீன் அதுதான். அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பது 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அது முதல், “அங்கே மனிதர் போகலாமா?” என்ற கேள்வியும் வலுப்பெற்றது.

தூரம் எவ்வளவு?

அருகில் என்றாலும் அதன் தூரம் 4.24 ஒளியாண்டுகள், ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே வேகத்தில் பிராக்ஸிமாவை நோக்கிப் போனால் சென்றடையச் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும்.

1970களில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கத்தினர் ‘டீடலஸ்’ என்ற கலத்தைத் தாளில் திட்டமிட்டனர். அணுக்கரு இணைவு விசையால் ஒளியின் வேகத்தில் 12 விழுக்காட்டை எட்டி, சுமார் 6 ஒளியாண்டு தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீனை 50 ஆண்டுகளில் அடைவது அதன் நோக்கம். அதற்குத் தேவையான எரிபொருள் மட்டும் 50,000 டன்! ஆனால் அதில் மனிதர் இல்லை. அங்கே நிற்பதற்கு வழியும் இல்லை. படம் எடுத்துக்கொண்டு கடந்து போய்விடும்.

மனிதர் சென்றால் அங்கே நின்றாக வேண்டும். நிற்பதற்கும் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமந்து செல்ல மேலும் எரிபொருள் வேண்டும். ஆகவே மனிதர் செல்லும் கலத்துக்கு ஒளியின் வேகத்தில் ஒரு விழுக்காடு என்று கணக்கிட்டாலே அது பெரிய சாதனை. அந்த வேகத்தில் பயணம் 420 ஆண்டுகளுக்கு மேல். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 17 தலைமுறைகள்.

எத்தனை பேர் ஏற வேண்டும்?

பிராக்ஸிமாவுக்கு 6,300 ஆண்டுகள் எடுக்கும் ஒரு பயணத்துக்கு, மரபுக் குறைபாடு வராமல் சந்ததி தொடர, தொடக்கத்தில் 98 பேராவது வேண்டும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. யார் யாரை மணக்கலாம், எத்தனை பிள்ளை பெறலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

காற்றும் உணவும் அடுத்த சிக்கல். 1991 முதல் 1993 வரை அமெரிக்காவின் அரிசோனாவில் ‘பயோஸ்பியர் 2’ என்ற மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உறிஞ்சின. 21 விழுக்காடாக இருந்த பிராணவாயு 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. விளைச்சல் போதாமல் பசி வாட்டியது. எட்டுப் பேரும் இரண்டு அணியாகப் பிரிந்தனர். ஒருவருக்கு விரலில் காயம் பட்டு, சிகிச்சைக்காகச் சில மணி நேரம் வெளியே போய்வர நேர்ந்தது.

அங்கே கதவுக்கு வெளியே மருத்துவமனை இருந்தது. விண்கலத்தின் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது?

பிறக்கப் போகும் பிள்ளையின் கேள்வி

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கலத்தில் ஏறுபவர் விருப்பத்தோடு ஏறுகிறார். பயணத்தின் நடுவே, எட்டாவது தலைமுறையில் பிறக்கும் பிள்ளையோ பூமியைப் பார்த்ததில்லை. புதிய கோளையும் பார்க்கப் போவதில்லை. கலத்தைப் பராமரிப்பதும், அடுத்த தலைமுறையைப் பெற்றுக் கொடுப்பதுமே அந்தப் பிள்ளையின் கடமை. “என்னைக் கேட்டா முடிவு செய்தீர்கள்?” என்று அது கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

“எந்தப் பிள்ளைதான் பிறக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது? கடல் கடந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அப்படித்தானே?” என்று சிலர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் குடியேறியவரின் பிள்ளை வளர்ந்த பிறகு வேறு ஊருக்குப் போகலாம். வேறு தொழில் பார்க்கலாம். விண்கலத்தில் பிறந்த பிள்ளைக்கு இறங்க ஓர் ஊர் இல்லை.

எனவே, திட்டமிடுவோர் இயந்திரத்திலிருந்து தொடங்குவதை விட வீட்டிலிருந்து தொடங்குவதே முறை. பூமியிலேயே ஒரு மூடிய குடியிருப்பை அமைக்கட்டும். அதன் காற்றும் நீரும் உணவும் உள்ளேயே சுழலட்டும். ஆனால் கதவுக்குப் பூட்டு வேண்டாம். விரும்பியவர் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வெளியுலகையும் பார்த்துவிட்டு, “இதுவே எங்கள் வீடு” என்று தாமாகத் திரும்பி வருகிறார்களா? அப்படி வந்தால் கலம் கட்டலாம். வராவிட்டால், கலம் எவ்வளவு வேகமாகப் போனாலும் அது சிறைதான்.

விண்மீன்கள் காத்திருக்கும். முதலில் பிள்ளைகளின் பதிலைக் கேட்போம்.