'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்த 400 ரூபா குடுத்து வாங்கலாமா?

மஞ்சக்குட்டையிலேர்ந்து பேசுறேன். பின்னாடி ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்கும். அது உங்க ஹெட்ஃபோன் கோளாறு இல்ல, தகரத்து மேல விழுற மழை. எடிட்ல எடுக்கப் பாத்தேன், போகல.

போன வாரம் நம்ம நண்பர் ஒருத்தர் வாய்ஸ் நோட் போட்டிருந்தார். சேலத்துல பழைய சிடி விக்கிற ஒருத்தர்கிட்ட ஹிப்ஹாப் தமிழாவோட முதல் ஆல்பம், 2012-ல வந்த 'ஹிப் ஹாப் தமிழன்', இருக்காம். 400 ரூபா சொல்றாராம். "மச்சான், வாங்கலாமா?" இதுதான் கேள்வி. ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னு நினைச்சேன். முடியல. அதனாலதான் இந்த எபிசோட்.

ஆதிய ஹீரோவா மட்டும் பாத்தவங்களுக்காக ஒரு சின்ன ரீவைண்ட். கோயம்புத்தூர்ப் பையன். கூட ஜீவா. 2011-ல 'கிளப்புல மப்புல' யூடியூப்ல பரவுது. அடுத்த வருஷம் ஆல்பம். 2013-ல அனிருத் இசையில 'எதிர்நீச்சல்' பாட்டு. 2015-ல 'ஆம்பள', அதே வருஷம் 'தனி ஒருவன்'. 2017-ல தன் கதையவே 'மீசைய முறுக்கு'ன்னு படமா எடுத்து அவரே நடிச்சிட்டார். அப்போ இந்த சிடியில இருக்கிறது சினிமா கைக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த ஆதி. ஹீரோவுக்கு இன்ட்ரோ சாங் வேணும்னு கேக்க ஆள் இல்ல, இந்த இடத்துல குத்து வைங்கன்னு சொல்ல டைரக்டர் இல்ல. நல்லதோ கெட்டதோ, எல்லாம் அவங்களே முடிவு பண்ணது.

"முதல் தமிழ் ராப் ஆல்பம், கலெக்‌ஷன்ல இருக்கணும்"னு நினைச்சு வாங்குறதா இருந்தா, வேணாம். மலேசியாவுல யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்த 2006-லயே போட்டுட்டாங்க. 'மடை திறந்து' ஞாபகம் இருக்கா? 1980-ல வந்த 'நிழல்கள்' படத்து ராஜா சார் பாட்ட எடுத்து அது மேல ராப் பண்ணது. அதுக்கும் முன்னாடி, யோகி பி இருந்த போயட்டிக் அம்மோ 1998-லயே ஆல்பம் போட்டு, அதுல தமிழும் இருந்துச்சு. நம்ம ஊர்ல இது பெரிய ஆரம்பம்ங்கிறது வேற விஷயம். அந்தப் பெருமைய நான் குறைக்கல.

சரி, சவுண்ட். ராப்ல புரொடியூசர்னா பணம் போடுறவர் இல்ல, பீட் பண்றவர். அந்த மாதிரி ஆட்களோட ஆரம்பகால வேலையத் தேடி வாங்குற பழக்கம் வெளிநாட்டுல ரொம்ப உண்டு. ஜே டில்லா 2006-ல இறந்துபோனார். அவர் விட்டுட்டுப் போன பீட்டுங்கள பீட் ராக் மிக்ஸ் பண்ணி 2009-ல 'ஜே ஸ்டே பெய்ட்'னு ஒரு ஆல்பமே வந்துச்சு. அத எதுக்குக் கேக்குறோம்? பல இடத்துல பீட் தனியா நிக்கும். அந்த ஆள் எப்படி யோசிச்சார்னு காதுல விழும். ஒருத்தரோட பழைய கோட படிக்கிற மாதிரி. கமென்ட் கூட எழுதாத கோட், ஆனா கை யாரோடதுன்னு தெரியும்.

'ஹிப் ஹாப் தமிழன்' அப்படி இல்ல. இங்க குரல்தான் முதலாளி, பீட் வேலையாள். டிரம்ஸ் என் காதுக்கு மெலிசா இருக்கு. பின்னாடி 'தனி ஒருவன்'ல அதே ஆளுங்க போட்ட பேஸ கேட்டுட்டு இங்க வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். தமிழ் வார்த்தைங்கள தாளத்துக்குள்ள ஒக்கார வைக்கிற விதம், சுலபமா வாய்ல நிக்கிற ஹூக், இது ரெண்டும் அப்பவே இருக்கு. சினிமாவுக்குப் போய்க் கத்துக்கிட்டது இல்ல.

இப்போ நான் தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். 'கிளப்புல மப்புல'.

அது வந்தப்போ எனக்குப் பதினாலு வயசு. ஸ்கூல் பஸ்ல, கொண்டை ஊசி வளைவு இருபதும் முடியிற வரைக்கும் கத்திப் பாடிட்டு வருவோம். வரி ஒண்ணு விடமாட்டேன். ஒரு நாள் வீட்லயும் பாடினேன். அக்கா அப்பத்தான் காலேஜ் சேர்ந்து, முதல் லீவுக்கு வந்திருந்தா. ஜீன்ஸ் போட்டுட்டு திண்ணையில ஒக்காந்திருந்தவ, "யாரப்பத்திடா பாடுற, என்னப்பத்தியா?"ன்னு கேட்டா. சிரிச்சிட்டுத்தான் கேட்டா. எனக்குப் பதில் வரல. குடிக்கிற பொண்ணுங்கள, இங்கிலீஷ் பேசி மாறிப்போன பொண்ணுங்கள நக்கலடிக்கிற பாட்டு அது. அப்பவே சண்டையாச்சு, நிறைய பேர் எதிர்த்தாங்க. கூட நின்னு குடிக்கிற பசங்கள ஏன் யாரும் கேக்கலைங்கிறது அன்னைக்கு எனக்குத் தோணவே இல்ல.

இந்த எபிசோடுக்காக அக்காவுக்கு போன் பண்ணேன். "அந்தப் பாட்டா? டியூன் இப்பவும் ஞாபகம் இருக்குடா, அதான் கடுப்பு"ன்னா. நான் முன்னாடி சொன்ன ஹூக் திறமை, அதே திறமைதான் இங்கயும் வேலை செஞ்சிருக்கு. இவங்கள இவங்களா ஆக்கினது அந்தப் பாட்டு. அத ஸ்கிப் பண்ணிட்டு மிச்சத்த மட்டும் வரலாறுன்னு வச்சிக்க முடியாது.

அப்போ 400 ரூபா? நண்பா, முதல்ல ஸ்ட்ரீமிங்ல ஒரு தடவை முழுசா கேளு, ஸ்கிப் பண்ணாம. அதுக்கப்புறமும் கைல வச்சுக்கணும்னு தோணுச்சுன்னா 250-க்குப் பேசிப் பாரு. சிடிக்கு ஒரு மரியாதை உண்டு, ஒத்துக்கிறேன். இங்க மஞ்சக்குட்டையில மழை பெஞ்சா சிக்னல் போயிடும், பாட்டு பாதியில நிக்கும். ஸ்ட்ரீமிங்ல நமக்கு இருக்கிறது வாடகை வீடு, சிடி சொந்த வீடு.

ஆனா என் காசுன்னா நான் அங்க போடமாட்டேன். பழைய சிடிக்குக் குடுக்கிற காசு ஆதிக்கும் ஜீவாவுக்கும் போகாது, விக்கிறவருக்குத்தான். அவங்களுக்கு இப்போ அது தேவையும் இல்ல. 2012-ல அவங்க நின்ன இடத்துல இன்னைக்கு வேற பசங்க நிக்கிறாங்க. 2019-ல அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து போட்ட 'தெருக்குரல்' கேட்டிருப்பீங்க. பீட்டும் வார்த்தையும் சரிசமமா சண்டை போடுற ஆல்பம். அதுக்கப்புறம் ரூமுக்குள்ள ஒக்காந்து பீட் பண்ற எத்தனையோ பேர் வந்துட்டாங்க. அதுல ஒருத்தரோட ஈபி-ய நேரா அவங்ககிட்டயே வாங்கலாம்.

அக்கா இந்த எபிசோட கேப்பா. திண்ணையில அன்னைக்குச் சொல்லாத பதில் இன்னும் பாக்கி இருக்கு. அத மைக்ல சொல்லமாட்டேன், பொங்கலுக்கு வரும்போது நேர்ல சொல்றேன்.

மழை விட்டுடுச்சு. அடுத்த வாரம் பாப்போம்.