பழமும் எண்ணெய்ச் சட்டியும்

நெற்குப்பைக்காரர் சோமலெ. உலகம் சுற்றிப் பயணநூல்கள் எழுதியவர். செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் அப்படிக் கப்பலேறியவர்கள் உண்டு. பர்மா, மலேயா என்று கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனார்கள்.

மலேயாவில் தெருவுக்குத் தெரு ஒரு பலகாரம். பெயர் பீசாங் கோரெங். பீசாங் என்றால் வாழைப்பழம், கோரெங் என்றால் பொரித்தது. கேரளத்தில் இதுவே பழம்பொரி.

கடையைத் தேட வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். நன்றாகப் பழுத்த, ஆனால் குழையாத நேந்திரம்பழத்தை நீளவாக்கில் நறுக்குங்கள். மைதாவோடு கொஞ்சம் அரிசிமாவு, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து, தோசைமாவுப் பதத்தில் கரையுங்கள். அரிசிமாவுதான் மொறுமொறுப்புக்கு. அன்னாசி, ஆப்பிள் என்றால் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும்.

சூட்டில்தான் சூட்சுமம். ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வர வேண்டும். சூடான எண்ணெயில் மாவின் ஈரம் ஆவியாகி வெளியேறும். அதனால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே புகாது. சூடு குறைந்தால் பழம் எண்ணெய் குடித்துவிடும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஒருவரிடம் டாக்டர் சொன்னார்: "தினமும் ரெண்டு பழம் சாப்பிடுங்க."

ஒரு மாதம் கழித்து அந்த ஆள் திரும்பி வந்தார். எடை நாலு கிலோ கூடியிருந்தது.

"பழம் சாப்பிட்டீங்களா?"

"ஒரு நாள் தவறல டாக்டர். வீட்ல ஆச்சி சுடச்சுடப் பொரிச்சுத் தர்றாக!"