பாவனை விமானமும் கோபுரத்தின் குரலும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று பெரியோர்கள் எண்ணக் கூடும். கணினித் திரையில் விமானம் ஓட்டும் பிள்ளையைக் கண்டால், "படிப்பை விட்டுவிட்டு விளையாடுகிறாயே!" என்று கண்டிப்பதும் இயல்பே. கண்ட திசையில் பறந்து, கண்ட இடத்தில் மோதி, மறுபடியும் தொடங்கினால் அது விளையாட்டுதான், ஐயமில்லை. ஆனால், குறித்த நிலையத்தை நாடி, தரையிலிருந்து வரும் குரலுக்குச் செவிசாய்த்து, முறையாகச் சென்று இறங்கப் பயின்றால், அதே திரை ஒரு பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது. அந்தப் பள்ளியின் பாடங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சிமுலேட்டர் என்னும் பாவனை விமானம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் இசைக்கருவி செய்வோர் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே 1929இல் ஒரு பயிற்சிக் கருவியை உருவாக்கினார். முதலில் அதனைச் சீண்டுவாரில்லை. 1934இல் அந்நாட்டு இராணுவ விமானப்படை அஞ்சல் சுமக்கும் பொறுப்பை ஏற்றபோது, மேகத்திலும் பனியிலும் வழி தெரியாமல் விமானிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே லிங்கின் கருவிகள் ஆறு வாங்கப்பட்டன. மூடிய பெட்டிக்குள் மாணவன் அமர்வான். வெளியே மேசையில் ஆசிரியர் அமர்ந்து, செவிக்கருவி வழியே கட்டளையிடுவார். மாணவன் சென்ற வழியை ஒரு சிறு வண்டி வரைபடத்தில் மையால் கோடிட்டுக் காட்டும். ஆகவே, தரையிலிருந்து வழிநடத்தும் குரல் பாவனை விமானத்துக்குப் புதிய அலங்காரமன்று. பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்தே அதன் பாதி அதுவே.

வீட்டுக் கணினிக்கான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982இல் வெளிவந்தது. சிகாகோ நகரின் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்னும் சிறு நிலையமே பல ஆண்டுகள் அதன் தொடக்க இடமாக விளங்கியது. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நகர மேயரின் ஆணையால் ஓர் இரவில் அதன் ஓடுபாதை வெட்டிச் சிதைக்கப்பட்டது. இன்று அங்கே பூங்கா இருக்கிறது. மண்ணில் மறைந்த அந்நிலையம் பழைய பதிப்புகளில் இன்னும் இருக்கிறது. அதனையே உதாரணமாகக் கொள்வோம்.

வடக்கே மில்வாக்கியிலிருந்து புறப்படுகிறோம். மெய்க்ஸ் ஏறத்தாழ 65 கடல்மைல் தொலைவு. மிச்சிகன் ஏரியை இடப்புறம் வைத்துத் தெற்கே பறந்தால் சிகாகோ வரும். ஆனால் கரையை நம்பி மட்டும் பறத்தல் ஆகாது. மூடுபனி வந்தால் கரை மறையும். அப்போது துணை நிற்பவை வி.ஓ.ஆர். எனப்படும் வானொலி நிலையங்கள். நிலையம் விடுக்கும் இருவகை அலைகளின் வேறுபாட்டைக் கருவி ஒப்பிட்டு, நிலையத்திலிருந்து நாம் எத்திசையில் இருக்கிறோம் என்பதை முள்ளால் காட்டும். கண்ணுக்குத் தெரியாத கலங்கரை விளக்கம் என்று அதனைச் சொல்லலாம்.

ஓடுபாதையின் எண்ணும் ஒரு வழிகாட்டியே. மெய்க்ஸின் பாதைக்கு 18, 36 என்று இரு பெயர்கள். காந்த ஊசி காட்டும் பாகையின் கடைசி இலக்கத்தை நீக்கினால் கிடைப்பது அவ்வெண். தெற்கு நோக்கி இறங்கினால் 180 பாகை, ஆகவே 18. வடக்கு நோக்கினால் 360, ஆகவே 36. காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும் என்பதால், தெற்கிலிருந்து காற்று வீசினால் 18ஆம் பாதை நமக்குரியது.

இறங்கத் தொடங்கும் இடத்துக்கும் எளிய கணக்கு உண்டு. இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிகளாக்கி மூன்றால் பெருக்குக. 3,000 அடி இறங்க 9 கடல்மைல் வேண்டும். மணிக்கு 90 கடல்மைல் வேகமாயின் அது ஆறு நிமிடம். நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கினால் போதும். பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலும் விமானத்தைத் தரைசேர்க்கும் வகை இதுவே.

இனி, குரலுக்கு வருவோம். மேற்கே ஓஹேர் என்னும் பெரிய விமான நிலையம் இருக்கிறது. அதன் வான்பரப்பில் அனுமதியின்றி நுழைதல் கூடாது. ஆகவே, தரையில் ஓடும்போது ஒருவர், புறப்படும்போது கோபுரம், வழியில் வேறொருவர், அணுகும்போது மற்றொருவர் என்று கட்டுப்பாட்டாளர்கள் நம்மைக் கைமாற்றிக் கொண்டு செல்வர். முதலில் பேசும்போது நான்கு செய்திகள் வேண்டும்: யாரை அழைக்கிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். சொல் வளர்த்தலுக்கு அங்கே இடமில்லை. எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் தரும் உயரம், திசை, ஓடுபாதை ஆகியவற்றை விமானி அப்படியே திருப்பிச் சொல்லுதல் கட்டாயம். தவறு இருந்தால் அக்கணமே திருத்தப்படும்.

இவ்விதி எத்துணை உயிரோடு தொடர்புடையது என்பதற்கு வரலாறு சாட்சி. 1977 மார்ச் 27ஆம் நாள், டெனெரிஃப் தீவில், பனிமூட்டத்தில், புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதென்று கொண்டு ஒரு விமானம் ஓடியது. பாதையில் ஊர்ந்து சென்றுகொண்டிருந்த மற்றொன்றுடன் மோதியது. 583 பேர் மாண்டனர். தெளிவற்ற ஒரு தொடரும், ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் மறைந்துபோன எச்சரிக்கையும் அதற்குக் காரணங்களாயின. அதன் பின், "டேக்-ஆஃப்" என்னும் சொல்லைப் புறப்பாட்டுக்கு அனுமதி தரும்போதும் அதனை நீக்கும்போதும் மட்டுமே வழங்குவது முறையாயிற்று.

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12ஆம் நாள், சர்க்கி தாத்ரிக்கு மேலே வானத்தில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் நிற்கப் பணிக்கப்பட்ட விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது என்று விசாரணை கண்டது. செவி கேட்டது கைக்கும் சென்று சேர வேண்டும். வாய் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது.

இளைஞர்களே, உங்களுள் பலருக்கு ஆங்கிலத்தில் பேசுவதென்றால் நா எழாது என்பதை அறிவேன். தவறாகப் பேசினால் நகைப்பார்களே என்ற கூச்சம் பல வாயில்களை நமக்கு அடைத்திருக்கிறது. வானொலி மொழி கற்றுத்தரும் நல்ல பாடம் இங்கேதான் இருக்கிறது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2008 முதல் நடைமுறைப்படுத்திய மொழித்தேர்ச்சி விதியில் ஆறு நிலைகள் உள்ளன. பன்னாட்டுப் பறப்புக்கு நான்காம் நிலை போதும். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம்; பொருள் விளங்க வேண்டும் என்பதே அளவுகோல். இங்கிலாந்துக்காரரைப் போலப் பேசுமாறு எவரும் கேட்கவில்லை.

அதனினும் மேலானது ஒன்று. கேட்டது விளங்காவிட்டால், "சே அகெய்ன்" என்று மீண்டும் சொல்லக் கேட்பது விமானியின் கடமை. செய்ய இயலாத கட்டளைக்கு "அனேபிள்" என்று மறுமொழி தருவதும் கடமையே. விளங்காமலே தலையாட்டுதல்தான் குற்றம். வகுப்பறையிலும் அலுவலகத்திலும் நேர்முகத் தேர்விலும் நம் பிள்ளைகள் இதனைக் கைக்கொண்டால் எத்துணை நன்மை!

பயிலும் முறை எளிது. 2001இல் வெளிவந்த "ஃபிளைட் சிமுலேட்டர் 2002" பதிப்பிலேயே கணினிக் கட்டுப்பாட்டாளர் உண்டு. பதிலைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்தால் போதும். அதில் முறைமை பழகிய பின், 2001இல் தொடங்கிய வாட்சிம் என்னும் இணைய அமைப்பில் சேரலாம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அங்கே உண்மைக் குரலில் வழிநடத்துகின்றனர், கட்டணமில்லை. தொடக்கத்தில் பிறர் பேசுவதைக் கேளுங்கள், கட்டளைகளைக் காகிதத்தில் குறித்து உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள், பிறகு பேசுங்கள்.

மயக்கமும் வேண்டா. சாதாரண வீட்டுக் கணினியில் பறந்த மணிகள் விமானி உரிமத்துக்குக் கணக்காகா. உடல் உணரும் ஆட்டமும், உயிரைப் பற்றிய அச்சமும் திரையில் இல்லை. உரிமப் படிப்புக்குப் பெரும்பொருள் செலவாகும் என்பதும் உண்மை. ஆயினும் வரைபடம் படித்தல், கணக்கிடல், கவனித்துக் கேட்டல், தெளிவாகச் சொல்லல், ஐயம் தோன்றினால் அஞ்சாது கேட்டல் ஆகிய ஐந்தும் விமானியாகாதவருக்கும் பயன்படும் செல்வங்கள்.

ஒரு கணினியைச் சுற்றி நால்வர் அமருங்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் வரைபடம் பார்க்கட்டும், ஒருவர் கோபுரமாகட்டும், மற்றவர் தவறுகளைக் குறிக்கட்டும். வாரந்தோறும் இடம் மாறுங்கள். எல்லாரும் எல்லா இடத்திலும் அமர்ந்து பழகுங்கள்.