வளைந்த பாதம்

ஒரு வீட்டிலே குழந்தை பிறக்கிறது. அதன் அழுகுரல் கேட்டு அயலெல்லாம் மகிழ்கிறது. ஆனால் துணியை விலக்கிப் பார்த்த பாட்டியின் முகமோ வாடிவிடுகிறது. குழந்தையின் பாதங்கள் இரண்டும் உட்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று நோக்கியவண்ணம் இருக்கின்றன. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததன் பலன் என்கிறார் ஒருவர். முற்பிறப்பின் வினை என்கிறார் இன்னொருவர். தாய் வாய் திறவாது கண்ணீர் விடுகிறாள்.

அன்பார்ந்த நேயர்களே, அந்தத் தாய்க்காகவே இன்று பேச வந்துள்ளேன். இக்குறையினை வளைபாதம் என்பர். உலகில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையுடன் பிறக்கின்றது. பெண் குழந்தைகளிலும் ஆண் குழந்தைகளிடத்தே இது கூடுதலாகக் காணப்படும். இதன் காரணத்தை மருத்துவம் இன்னும் முழுமையாகக் கண்டறியவில்லை. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு என்பது மட்டும் தெளிவு. கருவுற்றிருந்த தாய் கிரகணத்தன்று எங்கே சென்றாள், எதனைப் பார்த்தாள் என்பவற்றுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இக்குறை புதியதுமன்று. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டளவிலேயே கிரேக்க வைத்தியராகிய இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூல்கள், பிறந்த சில நாட்களுக்குள் பாதத்தை மெல்லத் திருத்தித் துணியாற் கட்டும் முறையைக் கூறியுள்ளன. ஆனால் இருபதாம் நூற்றாண்டிலே, மயக்க மருந்தும் கூரிய கத்தியும் கைக்கு வந்தபின், பொறுமை குறைந்தது. மூட்டுகளைத் திறந்து, பந்தகங்களை அறுத்து, பாதத்தை ஒரே நாளில் நேராக்கும் சத்திரசிகிச்சை பல நாடுகளிற் பரவிற்று. சிகிச்சை முடிந்த அன்று பாதம் நேராகவே தோன்றும். அதே பாதம் இருபது, முப்பது ஆண்டுகள் சென்றபின் எப்படி இருக்கும்? அதனைத் தேடிச் சென்று பார்த்தவர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மெனோர்க்கா தீவிலே 1914ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் கடிகாரம் திருத்துபவர். சிறு வயதில் அவருடைய பட்டறையில் உதவி செய்தவர் மகன். சின்னஞ்சிறு சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளி இயங்கும் விதத்தை அங்கே அவர் கண்டிருப்பார். 1936இல் மூண்ட உள்நாட்டுப் போரிலே காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். போரின் முடிவில், காயமுற்றவர்களுடன் மலைகடந்து பிரான்சுக்குச் சென்றார். பின் மெக்சிக்கோவில் ஒரு சிற்றூரில் வைத்தியராயிருந்து, 1941இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்கே அவருக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று, முன்னர் வளைபாதத்துக்குச் சத்திரசிகிச்சை பெற்றவர்களைத் திரும்ப அழைத்துப் பரிசோதிப்பதாகும். வந்தவர்களின் பாதங்களோ விறைத்து, வலுவிழந்து, வலியெடுத்துக் கிடந்தன. கத்தி பட்ட இடமெல்லாம் தழும்பாகி இறுகிவிட்டது என்பதைப் பொன்செட்டி உணர்ந்தார். பின்னர் அவர் பச்சிளங் குழந்தைகளின் பந்தகங்களை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்தார். அவற்றின் நார்கள் அலையலையாய் மடிந்திருந்தன. மெல்ல இழுத்தால் நீளக்கூடியனவாய் இருந்தன. குழந்தையின் பாத என்புகளோ பெரும்பாலும் குருத்தென்புகளே. அவை வளரும் போக்கிலேயே வடிவத்தை மாற்றிக்கொள்ள வல்லவை. ஆகவே வளர்ச்சியே வைத்தியரின் துணை என்று அவர் கண்டார்.

அவர் வகுத்த முறை எளிமையானது. பிறந்து ஓரிரு கிழமைகளுள் தொடங்கி, கிழமைக்கொரு முறை பாதத்தைக் கையால் மெல்லத் திருத்தி, தொடைவரை மாவுக்கட்டு இடுவர். கணுக்காலின் முன்னே இருக்கும் தாலஸ் என்னும் என்பின் தலையைப் பெருவிரலால் தாங்கிக்கொண்டு, பாதம் முழுவதையும் அதனைச் சுற்றி வெளிப்புறமாகத் திருப்புவர். வேறிடத்தில் அழுத்தினால் திருத்தம் தடைப்படும். ஐந்து, ஆறு கட்டுகளிற் பாதம் நேராகும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிநாணைச் சிறு வெட்டினால் விடுவித்து, மூன்று கிழமைக்கு இறுதிக் கட்டு இடுவர். அதற்குள் நாண் நீண்டு பொருந்திவிடும்.

இம்முறையின் பலனை அவர் 1963இல் வெளியிட்டார். உலகம் பெரிதும் செவிசாய்க்கவில்லை. அவரோ தம்மிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகள் வளர்ந்து பெரியவராகும்வரை அவர்களைத் தொடர்ந்தார். 1995இல் அயோவா வைத்தியர்கள் இருவர், அங்கே சிகிச்சை பெற்ற 45 பேரைச் சராசரி 34 ஆண்டுகளின் பின் பரிசோதித்த ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 78 பேரின் நிலை நன்றாக அல்லது மிக நன்றாக இருந்தது. பிறவிக் குறையற்ற பாதமுடையோரிடத்தும் அத்தொகை நூற்றுக்கு 85தான். இதன் பின்னரே கத்தி பின்வாங்கிற்று. கத்தியை நாடாத வழியைத் தேடிய பெற்றோர் இணையத்தின் வழியே இச்செய்தியைப் பரப்பினர். உகண்டா, மலாவி போன்ற நாடுகளிலே சத்திரசிகிச்சை நிபுணர் அல்லாத மருத்துவ அலுவலர்களும் இம்முறையைப் பயின்று குழந்தைகளைக் குணப்படுத்தினர். பொன்செட்டி 2009இல், தமது 95ஆம் வயதிற் காலமானார்.

நேயர்களே, இனித்தான் நாம் கருத்தூன்ற வேண்டியது இருக்கிறது. மாவுக்கட்டு நீங்கிய அன்று பாதம் நேராகும். ஆனால் சிகிச்சை முடிவதில்லை. இரு சப்பாத்துகளை ஒரு சட்டத்தில் பொருத்திய கருவியை, முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், பின்னர் நான்கு வயதளவும் உறங்கும்போதும் குழந்தை அணிதல் வேண்டும். குழந்தை அழும். இரவுகள் கடினமாகும். நேராய் நிற்கும் காலைப் பார்த்து, "இனி எதற்கு இது?" என்று உறவினர் கேட்பர். அப்போது மனமிளகிக் கருவியைக் கழற்றுவதே பாதம் மீண்டும் வளைவதற்குத் தலையாய காரணம்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இக்குறையுடன் ஒரு குழந்தை பிறந்தால், வீடு தேடி வரும் மருத்துவ மாதிடம் அன்றே சொல்லுங்கள். நல்ல நாள் பார்த்துக் காத்திராதீர்கள். தாயின்மேற் பழி சுமத்தாதீர்கள். இரவிலே அந்தச் சப்பாத்தின் பட்டிகளை இறுக்கும் வேலையை அவள் ஒருத்தியிடமே விட்டுவிடாமல், தந்தையும் பாட்டியும் பங்கேற்றுக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளின் பின் அந்தக் குழந்தை நடக்கும் நடை, நீங்கள் இந்த நான்கு ஆண்டுகளிற் காட்டும் பொறுமையிலே தங்கியிருக்கிறது.