நாற்பதுக்கு மேல் நமக்காக அரை மணி நேரம்

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

 

சேமிப்பு, கடன் திருப்பம், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். கடைசியாக ஒரு பொருள் மீதி இருக்கிறது. அது நம்ம உடம்பு.

உங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். உள்கடன் எதற்காகக் கொடுத்தோம் என்று எழுதிய இடத்தில் ஆடு மாடு, பள்ளிக் கட்டணம், வீட்டு வேலை என்று இருக்கும். நடுநடுவே "மருத்துவச் செலவு" என்றும் இருக்கும். இடுப்பு வலி, மூட்டு வலி, சக்கரை, பிரஷர். அந்தக் கடனை வாங்கியவர் அநேகமாக நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அக்காவாகத்தான் இருப்பார். தொழில் செய்ய வாங்கிய கடன் வருமானமாகத் திரும்பி வரும். வலிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும்தான் மிச்சம்.

நாங்க செய்யாத வேலையா?

யோகா என்று சொன்னதும் எல்லாக் குழுவிலும் ஒரே பதில்தான் வருகிறது. "காலைல இருந்து ராத்திரி வரைக்கும் குனிஞ்சி நிமிந்து வேலை செய்றோம். எங்களுக்கு எதுக்கும்மா யோகா? அதெல்லாம் ஏசி ரூம்ல குந்தினு இருக்கறவங்களுக்கு!" நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

நம்ம பகுதி எப்படி மாறிப்போச்சு என்று உங்களுக்கே தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-ல் ஓட ஆரம்பித்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று கம்பெனிகள் வரிசையாக வந்தன. நடவும் களையெடுப்பும் செய்த கைகள் இன்று கேன்டீனில் பாத்திரம் தேய்க்கின்றன, மாப் போடுகின்றன. மகள் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்றால் அம்மா அதற்கு முன்னால் ஏந்திரிச்சு அடுப்பு பற்ற வைக்க வேண்டும்.

வேலை மாறினாலும் ஒன்று மாறவில்லை. பெருக்குவது, துடைப்பது, தேய்ப்பது எல்லாமே முன்பக்கம் குனிந்து செய்கிற வேலை. குடத்தை எப்போதும் ஒரே பக்க இடுப்பில்தான் வைக்கிறோம். நாள் முழுக்க ஒரே பக்கம் வளைகிற முதுகு, எதிர்ப்பக்கம் ஒரு தடவையாவது வளைகிறதா? கையைத் தலைக்கு மேல் முழுசாக எப்போது தூக்கினோம்? வேலையில் நம் உடம்பு முதலாளி சொன்ன பக்கம் போகிறது. பயிற்சியில்தான் அது தனக்கு வேண்டிய பக்கம் போகிறது. உழைக்கிற உடம்புக்குத்தான் யோகா கூடுதலாகத் தேவை.

நாற்பதுக்கு மேல் உள்ளே என்ன நடக்கிறது?

நம் நாட்டுப் பெண்கள் பலருக்கும் 45 வயதிலிருந்து 50-க்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைகிறது. அதனால் எலும்பின் பலம் வேகமாகக் குறையும். உடம்பு திடீரென்று சுடும், வேர்க்கும், தூக்கம் கெடும். காரணமில்லாமல் கோபம் வரும், அழுகை வரும். "எங்கம்மாவுக்கு இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோவம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது குணக்கேடு இல்லை, உடம்பின் மாற்றம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருமினால், தும்மினால், கனம் தூக்கினால் சிறுநீர் சொட்டுவது. இதை நாம் புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. பஸ்ஸில் போகப் பயந்து, கல்யாணத்துக்குப் போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். பிரசவத்தில் தளர்ந்த அடிவயிற்றுத் தசை வயதாக ஆக இன்னும் தளர்வதுதான் பெரும்பாலும் காரணம். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை 5 விநாடி இறுக்கி, மெதுவாக விட வேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. விடாமல் மூன்று மாதம் செய்தால் பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். செலவு ஒரு ரூபாய் கிடையாது.

சக்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பு அசைய வேண்டும், அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கொடுத்த அளவு. ஒரு நாளைக்கு அரை மணி என்று ஐந்து நாள் செய்தாலே அந்த 150 வந்துவிடுகிறது. நடையும் ஆசனமும் கலந்து செய்யலாம்.

இந்த வயசுலயா?

"இனிமே கத்துக்கினு என்ன ஆவப்போவுது?" என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் கோயம்புத்தூர் கணபதியில் வாழ்ந்த நானம்மாள் பாட்டி. சின்ன வயதில் அப்பாவிடம் கற்ற யோகாவை அவர் கடைசி வரை விடவில்லை. தொண்ணூறு வயதுக்கு மேலும் ஆசனம் செய்தார், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019-ல், 99 வயதில் காலமானார். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலரும் யோகா ஆசிரியர்கள். பாட்டி செய்ததைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பமே கற்றது.

"அவங்க சின்ன வயசுலயே ஆரம்பிச்சாங்களே" என்று நீங்கள் சொல்லலாம். சரி, இன்னொருவரைப் பாருங்கள். இந்திரா தேவி என்று பெயர் வைத்துக்கொண்ட வெளிநாட்டுப் பெண்மணி, 1899-ல் பிறந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில் மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகா கற்கப் போனார். பெண் என்றும் வெளிநாட்டவர் என்றும் சொல்லி அவர் முதலில் மறுத்தார். மைசூர் மகாராஜா எடுத்துச் சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். கற்று முடித்ததும் அதே குரு, "நீ போய்ச் சொல்லிக்கொடு" என்றாராம். அவர் சீனாவிலும் அமெரிக்காவிலும் சொல்லிக்கொடுத்தார். 2002-ல் இறந்தபோது அவருக்கு 102 வயது. மறுத்த அந்த குருவும் பின்னாளில் சென்னையில் குடியேறினார். பெண்களுக்கு யோகா அவசியம் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

கற்றதைக் கற்றுக் கொடுங்கள்

நான் கேட்பது நீங்கள் யோகா செய்ய வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. உங்களில் ஊருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தனியாகச் செய்கிறவள் நாலு நாள் செய்வாள். ஐந்தாம் நாள் விருந்தாளி வந்தால் விட்டுவிடுவாள். பத்துப் பேர் நம்மை எதிர்பார்த்துப் பாயோடு வந்து நிற்கிறார்கள் என்றால் விட மனசு வராது. அது மட்டுமில்லை. முன்னால் நின்று சத்தமாக எண்ண வேண்டும். ஒவ்வொருத்தர் முழங்காலையும் முகத்தையும் பார்த்து, "வலிக்குதாக்கா? போதும், இறக்குங்க" என்று சொல்ல வேண்டும். குழு ஆரம்பித்த புதிதில் பெயர் சொல்லவே கூச்சப்பட்டவர்கள் இன்று வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசுகிறோம். கணக்குப் புத்தகம் நமக்குக் கொடுத்த அந்தத் தைரியத்தை இதுவும் கொடுக்கும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு "எனக்கு இனி என்ன இருக்கு" என்று நினைக்கிற வயதில், ஊரில் நாலு பேர் "டீச்சரக்கா" என்று கூப்பிட்டால் அது சாதாரண விஷயமா?

நம்ம ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்த ராமானுஜர், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்லது எதுவானாலும் ஒருத்தரிடமே தங்கிவிடக் கூடாது.

நம்மால் முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சக்கரையும் பார்க்கும் தன்னார்வலர்களாக மகளிர் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அந்தக் கருவியைப் பிடித்த கைகள் நம்முடைய கைகள்.

இஸ்லாமிய, கிறிஸ்தவ சகோதரிகள் தயங்க வேண்டாம். நம் வகுப்பில் மந்திரம் கிடையாது. மூச்சும் அசைவும் மட்டும்தான். சுடிதாரோ, நைட்டிக்குள் பேன்ட்டோ, வசதியான எந்த உடையும் போதும். ஆம்பளைங்க பார்ப்பாங்களே என்ற கூச்சம் இருந்தால் குழுக் கட்டடத்தின் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

1. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் செய்ய வேண்டும். சக்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் கையில் கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ வைத்திருங்கள். மயக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்திச் சாப்பிடுங்கள்.

2. பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்க வேண்டாம், தலைகீழ் ஆசனம் வேண்டாம்.

3. கர்ப்பப்பை அறுவை சிகிச்சை ஆனவர்கள், அடியிறக்கம், குடலிறக்கம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

4. குந்த முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். வலித்தால் நிறுத்துங்கள். பக்கத்து அக்காவோடு போட்டி வேண்டாம்.

5. யோகா செய்கிறோம் என்று யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சென்னை அரும்பாக்கத்தில் 2000-ல் தொடங்கிய அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோய் உள்ளவர்கள் அங்கே மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம்.

நம் தீர்மானம்

ஆகவே சகோதரிகளே, மூன்று விஷயங்களை உங்கள் குழுவில் வைத்துப் பேசுங்கள். ஒன்று, பயிற்சி எடுத்துச் சொல்லிக்கொடுக்க நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரை ஊருக்கு ஊர் தேர்ந்தெடுப்பது. இரண்டு, ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவருகிற நேரமாகக் காலையோ மாலையோ முடிவு செய்வது. மூன்று, அந்த அரை மணி நேரம் வீட்டில் யார் அடுப்பைப் பார்ப்பது என்று கணவரிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே பேசி வைப்பது. இந்த மூன்றாவதுதான் கஷ்டமானது. அது முடிந்தால்தான் மற்ற இரண்டும் நிலைக்கும்.

கம்பெனி வரும், போகும். 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் உற்பத்தியை நிறுத்தியதை நம் பெண்கள் பார்த்தார்கள். எந்த வேலை போனாலும் வந்தாலும் இந்த உடம்பை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். வாரச் சந்தாவைத் தவறாமல் கட்டுகிறோம். உடம்புக்கான சந்தாவையும் தவறாமல் கட்டுவோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர் "டீச்சரக்கா"வின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள்.