சொந்த நிலத்தில் அடக்கம்



தென்காசியை அடுத்துள்ள குத்துக்கல்வலசை என் ஊர். குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல். வலசை என்பது ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்ந்து செல்லுதல். பெயர்ந்து வந்தோரும் தம் முன்னோரை மண்ணில் வைத்த பின்னரே ஓர் ஊரைத் தம் ஊர் என்று சொல்லத் துணிகின்றனர் போலும். என் தமையனாருக்கு அவ்வெண்ணம் மிகுதி. தாம் வெட்டிய கிணற்றின் அருகில் நின்று, "தம்பி, என்னை இந்தத் தென்னையடியிலேயே வைத்துவிடு, சுடுகாட்டு முள்ளுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிடாதே" என்று பலமுறை கூறியிருந்தார். "ஆகட்டும், அண்ணாச்சி" என்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். விதி இன்னதென்று பாராமல் வாக்குக் கொடுத்தது, தலைமையாசிரியனாய் இருந்தவனுக்குப் பிழைதான்.

அவர் மறைந்த அன்று காலை, அவருடைய மகன் தென்னையடியில் மண்வெட்டியை வைத்துவிட்டான். அப்பொழுது பக்கத்து வீட்டு அம்மையார் குடத்தோடு வந்து நின்றார். "சார்வாள், எங்க வீட்டுக்குக் குடிக்க இந்தத் தண்ணிதான். அண்ணாச்சி ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்லை. நாளைக்கு இதை எப்படிக் குடிப்போம்?" என்றார். அவர் சண்டைக்கு வரவில்லை, அழுதுகொண்டே கேட்டார். எனக்கு விடை வரவில்லை.

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்கு 1999-ஆம் ஆண்டு இடுகாடு, சுடுகாடு பற்றிய விதிகள் வகுக்கப்பட்டன. குடியிருப்புக்கோ குடிநீர் எடுக்கும் இடத்துக்கோ 90 மீட்டருக்குள், உரிமம் பெற்ற மயானத்தில் அன்றி, பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது அவற்றுள் ஒன்று. கணக்கு வாத்தியார் புத்தி எங்கே போகும்? அந்தத் துயரத்திலும் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தாலும் இடைவெளி 90 மீட்டர்தான். ஒரு குழியைச் சுற்றி 90 மீட்டர் வட்டம் வரைந்தால் அதனுள் ஆறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அடங்கும். நம் நிலம் ஒன்று. அடுத்தவர் நிலம் ஐந்து! அந்த 90 மீட்டரைத் தாண்டிவிட்டால் போதுமென்றும் எண்ணுவதற்கில்லை. அடக்கத்துக்கென்று உரிமம் பெறாத இடத்தில் புதைக்கலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் கூறிவிட்டது.

பெரியோர்க்கு மட்டும் எப்படி இடம் கிடைக்கிறது என்று என் தமையன் மகன் வெகுண்டான். நடிகரும் கட்சித் தலைவருமான விஜயகாந்த், 2023 டிசம்பரில் கோயம்பேட்டிலுள்ள தம் கட்சி அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2024 ஜூலையில் கொலையுண்ட ஆம்ஸ்ட்ராங்கைப் பெரம்பூர்க் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய அவர் மனைவியார் வேண்டியபோது, அது நெருக்கமான குடியிருப்பென்று உயர்நீதிமன்றம் ஒப்பவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் ஒரு தனியார் நிலத்தில் அடக்கம் நடந்தது.

சத்தீசுகரில் பஸ்தர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் 2025 ஜனவரி 7-இல் கிறித்தவ போதகர் ஒருவர் இறந்தார். ஊரார் எதிர்ப்பால் ஊரில் அடக்கம் செய்ய முடியவில்லை. மகன் உச்சநீதிமன்றம் வரை சென்றார். ஒரு நீதிபதி சொந்த நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார். மற்றொருவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிறித்தவ இடுகாடே உரிய இடம் என்றார். இருபது நாள் பிணவறையில் கிடந்த உடலை இன்னும் காக்க வைக்கலாகாதென்று, இருவரும் அந்த இடுகாட்டுக்கே ஆணையிட்டனர்.

சொந்த நிலம் கேட்போர் அனைவரும் ஆசையினால் கேட்பதில்லை. வாணியம்பாடி அருகே 2019 ஆகஸ்டில், மயானத்துக்குச் செல்லும் பாதை மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பாதை மறுக்கப்பட்டவனிடம் போய் 90 மீட்டர்க் கணக்குச் சொல்ல எனக்கு நா எழாது. ஆதிச்சநல்லூரில் தாமிரபரணிக் கரையில் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட மேட்டை இறந்தோருக்கென்றே ஒதுக்கி, தாழி தாழியாக அடக்கம் செய்தவர் நம் முன்னோர். பொது இடம் செவ்வையாக இருந்து, அதற்கு வழியும் எல்லார்க்கும் இருக்குமாயின், தோட்டத்தை நாடுவோர் சிலராகவே இருப்பர்.

தமையன் மகன் வெட்டிய குழியைத் தானே மூடினான். அண்ணாச்சியை ஊர் மயானத்துக்கே கொண்டு சென்றோம். அவர் சொன்ன முள் அங்கே இருக்கத்தான் செய்தது. தூக்கி வந்தவர் இருவர் காலில் தைத்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் சீமைக்கருவேலத்தை வெட்டவும், தண்ணீர்க் குழாயும் ஒரு கூரையும் அமைக்கவும் ஊராட்சிக்கு மனு எழுதினேன். பக்கத்து வீட்டு அம்மையார் முதல் கையெழுத்திட்டார். முள் வெட்டியாயிற்று; குழாயும் வந்துவிட்டது. கூரைக்காக இரண்டாவது மனுவைக் கொடுத்திருக்கிறேன்.